ஃபோட்டோகிராமெட்ரியா, லேசரா, கையடக்க ஸ்கேனரா: எந்த வேலைக்கு எது?

ஒரு சிலையையோ கட்டடத்தையோ மலைச்சரிவையோ முப்பரிமாணத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று முடிவாகிவிட்டது. அதற்கு அடுத்த கேள்வியில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். நிறையப் படங்கள் எடுத்து ஃபோட்டோகிராமெட்ரி செய்வதா? லேசர் ஸ்கேனரை வாடகைக்கு எடுப்பதா? கையில் பிடிக்கும் ஸ்கேனர் போதுமா? இல்லை, சட்டைப்பையில் இருக்கும் போனே இதைச் செய்துவிடுமா? தொல்லியல் படிப்பவர், சுரங்கத்தில் வேலை பார்ப்பவர், பல் மருத்துவர், வீடியோ கேம் உருவாக்குபவர் என்று எல்லோரிடமிருந்தும் வருவது இதே கேள்விதான்.

"எது அதிகத் துல்லியம்?" என்று தொடங்கினால் பெரும்பாலும் தவறான கருவியில்தான் போய் முடியும். விளம்பரத்தில் போட்டிருக்கும் மில்லிமீட்டர் கணக்கு, அந்தக் கருவிக்குப் பிடித்த மேற்பரப்பில், பிடித்த தூரத்தில், பிடித்த வெளிச்சத்தில் கிடைத்தது. உங்கள் பொருள் அப்படி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எனவே பொருளிலிருந்து தொடங்குவோம்.

## எதை வைத்து எடைபோடுவது?

அளவா, தோற்றமா? மண்குவியலின் கன அளவு வேண்டுமென்றால் நிறம் தேவையில்லை. சினிமாவுக்கு ஒரு பாறை வேண்டுமென்றால் இரண்டு சென்டிமீட்டர் பிழை யார் கண்ணுக்கும் தெரியாது, ஆனால் பாறையின் நிறமும் சொரசொரப்பும் அப்படியே வர வேண்டும். சுவரோவியத்தில் விரிசல் வளர்கிறதா என்று பார்ப்பவருக்கு இரண்டுமே வேண்டும். எவ்வளவு பிழை வரை பரவாயில்லை என்பதை ஒரு எண்ணாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த எண் இல்லாமல் தொடங்கும் வேலைகளில்தான் பணம் வீணாகிறது.

மேற்பரப்பு எப்படி? கல், மண், மரப்பட்டை, பவளம் மாதிரி புள்ளியும் கோடுமாக இருப்பதா, வெறும் வெள்ளைச் சுவரா? பளபளப்பா, கண்ணாடியா, கன்னங்கரேல் என்றிருக்கிறதா? இலைகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதா? என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட முடிவைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான்.

எவ்வளவு பெரியது, அசையாமல் இருக்குமா? பல்லுக்கும் பள்ளத்தாக்குக்கும் ஒரே கருவி கிடையாது. காற்றில் ஆடும் செடி, மூச்சு விடும் மனிதர், ஒரு மணி நேரத்தில் திறந்தாக வேண்டிய சாலை என்று ஒவ்வொன்றும் உங்களுக்குத் தரும் நேரம் வேறு.

நேரம் எங்கே செலவாகும்? களத்தில் கொஞ்சம், மேசையில் நிறைய என்று ஒரு வகை. களத்தில் நிறைய, மேசையில் கொஞ்சம் என்று இன்னொரு வகை. உங்களிடம் எந்த நேரம் மலிவு என்று பாருங்கள்.

பத்து வருடம் கழித்து யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் பல துறைகளில் ஃபோட்டோகிராமெட்ரியின் மிகப் பெரிய பலம் இங்கேதான் இருக்கிறது.

## ஃபோட்டோகிராமெட்ரி

ஒரே இடத்தைப் பல கோணங்களில் படமெடுத்து, எல்லாப் படங்களிலும் தெரியும் பொதுப் புள்ளிகளை மென்பொருள் தேடிப் பிடிக்கிறது. அவற்றை வைத்து ஒவ்வொரு படமும் எங்கிருந்து எடுக்கப்பட்டது, ஒவ்வொரு புள்ளியும் எங்கே இருக்கிறது என்று ஒருசேரக் கணக்கிடுகிறது. எண்ணம் பழையது. 1858இல் ஜெர்மனியின் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளக்கப்போன ஆல்பிரெக்ட் மைடன்பாவர், உயரத்திலிருந்து விழப் பார்த்தார். படத்தை வைத்தே அளந்தால் என்ன என்று அவர் யோசிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 1885இல் இதற்கென்றே ஒரு பிரஷ்ய அரசு நிறுவனத்தை அமைத்து, ஆயிரக்கணக்கான கண்ணாடி நெகட்டிவ்களில் கட்டடங்களைப் பதிவு செய்து வைத்தார்.

கல், மண், மரம், ஓவியம் மாதிரி நுணுக்கம் நிறைந்த மேற்பரப்புகளில் இதற்கு ஈடு கிடையாது. நிறமும் வடிவமும் ஒரே மூலத்திலிருந்து வருவதால் இரண்டும் பிசகாமல் ஒட்டி வரும். அளவிலும் இதற்கு எல்லை இல்லை. நாணயத்துக்கும் இதே முறை, மலைக்கும் இதே முறை. தண்ணீருக்கு அடியிலும் வேலை செய்யும். சாதாரண லேசர் ஸ்கேனர் பயன்படுத்தும் அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும். அதனால் பவளப்பாறை ஆய்விலும் மூழ்கிய கப்பல் ஆய்விலும் கேமராதான் ராஜா. சுமார் 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் டைட்டானிக்கை 2022இல் முழுமையாகப் பதிவு செய்தது 7 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை வைத்துத்தான்.

அப்புறம் காலம். லேசரால் கடந்த காலத்துக்குப் போக முடியாது. படத்தால் முடியும். 2001 மார்ச்சில் பாமியான் புத்தர் சிலைகள் தகர்க்கப்பட்ட பிறகு, ஜூரிக்கில் உள்ள இடிஹெச் பல்கலைக்கழகக் குழு பெரிய சிலையின் முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் மீட்டது. 1970இல் அளவீட்டுக்கென்றே எடுக்கப்பட்ட சில படங்கள் அதற்குக் கைகொடுத்தன. பனிப்பாறை ஆய்விலும் இதே கதைதான். 1970களில் அமெரிக்க ஹெக்ஸகன் உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்கள் பின்னாளில் பொதுவெளிக்கு வந்தன. அவற்றிலிருந்து அன்றைய பனிப்பரப்பின் உயரங்களைக் கணக்கிட்டு, இமயமலைப் பனிப்பாறைகள் 2000க்குப் பிறகு அதற்கு முந்தைய கால் நூற்றாண்டைப்போல இரு மடங்கு வேகத்தில் கரைகின்றன என்று 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. படமெடுத்தவர்கள் பனிப்பாறையைப் பற்றி நினைத்திருக்கவே மாட்டார்கள்.

நீங்கள் இன்று எடுக்கும் படங்களும் அப்படியே. மென்பொருள் மேம்பட மேம்பட, அதே படங்களை மறுபடி கொடுத்து இன்னும் நல்ல வடிவத்தை எடுக்கலாம். தயவுசெய்து மாடல் வந்ததும் மூலப் படங்களை அழித்துவிடாதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கேமரா ஏற்கெனவே இருக்கிறது. மெஷ்ரூம், ஓப்பன்ட்ரோன்மேப், கோல்மேப் மாதிரி இலவச மென்பொருளும் இருக்கிறது. எனவே செலவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். செலவு படமெடுத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது.

முதலாவது, கணினி நேரம். நூற்றுக்கணக்கான படங்களுக்கு நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் நிறைய நினைவகமும் வேண்டும். 1 அங்குல சென்சாரும் 8.8 மி.மீ. குவியத்தூரமும் உள்ள 20 மெகாபிக்சல் ட்ரோன் கேமரா 100 மீட்டர் உயரத்தில் பறந்தால், ஒரு பிக்சல் தரையில் சுமார் 2.7 செ.மீ. அளவுக்கு வரும். நுணுக்கம் இரு மடங்காக வேண்டும் என்று உயரத்தைப் பாதியாகக் குறைத்தால், அதே நிலத்துக்குப் படங்கள் நான்கு மடங்கு ஆகிவிடும். பறக்கும் நேரம், சேமிப்பிடம், கணக்கிடும் நேரம் எல்லாம் சேர்ந்தே ஏறும்.

இரண்டாவது, அளவுகோல். வெறும் படங்களுக்கு எது ஒரு மீட்டர் என்று தெரியாது. படத்துக்குள் அளவு தெரிந்த கோலையோ, நிலத்தில் துல்லியமாக அளந்த கட்டுப்பாட்டுப் புள்ளிகளையோ நீங்கள்தான் வைக்க வேண்டும். பறக்கும்போதே தன் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே சென்டிமீட்டர் கணக்கில் அறியும் ஆர்டிகே வசதியுள்ள ட்ரோன் இந்த வேலையைக் குறைக்கும், அடியோடு ஒழிக்காது. கணக்கில் சேர்க்காமல் தனியாக நிறுத்திய சில சோதனைப் புள்ளிகள் இருந்தால்தான் பிழை எவ்வளவு என்று உண்மையில் தெரியும். மென்பொருள் அறிக்கையில் பிக்சல் பிழை அழகாகக் குறைந்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

மூன்றாவது, மெதுவாக வளையும் பிழை. நேராகக் கீழ்நோக்கி எடுத்த படங்களை மட்டும் கொடுத்தால், லென்ஸின் வளைவை மென்பொருள் கொஞ்சம் தப்பாகக் கணிக்கும். அப்போது தட்டையான வயல்கூட நடுவில் மேடாகவோ பள்ளமாகவோ வந்து நிற்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், அளந்தால் தப்பு. சாய்வான கோணத்தில் சில வரிசைப் படங்களைச் சேர்ப்பதும், கட்டுப்பாட்டுப் புள்ளிகளை நடுவிலும் ஓரங்களிலும் பரப்பி வைப்பதும் இதற்கு மருந்து.

வெள்ளைச் சுவர், கண்ணாடி, குரோம், மின்கம்பி, அடர்ந்த இலைக்கூட்டம் ஆகியவற்றில் இந்த முறை தோற்கும். எவ்வளவு திறமை இருந்தாலும் தோற்கும்.

## தரையில் நிற்கும் லேசர் ஸ்கேனர்

முக்காலியில் நின்று சுழன்றபடி நொடிக்கு லட்சக்கணக்கான புள்ளிகளை அளக்கும் கருவி இது. சில பத்து மீட்டர் தூரத்துக்குள் பிழை ஓரிரண்டு மில்லிமீட்டர்தான். அளவு கருவியிலேயே இருப்பதால் அளவுகோல் தேவையில்லை. தன் ஒளியைத் தானே கொண்டுவருவதால் இருட்டிலும் சுரங்கத்துக்குள்ளும் வேலை செய்யும். ஃபோட்டோகிராமெட்ரியை மண்டியிட வைக்கும் வெள்ளைச் சுவர் இதற்குப் பிரச்சினையே இல்லை. எனவே கட்டடத்தின் உட்புறம், தொழிற்சாலைக் குழாய்கள், சுரங்கப்பாதை என்றால் இரண்டாவது யோசனை வேண்டாம், லேசர்தான்.

இதன் அருமை 2019 ஏப்ரல் 15இல் உலகத்துக்கே தெரிந்தது. பாரிஸின் நோத்ர-தாம் தேவாலயம் எரிந்தபோது, கலை வரலாற்று ஆய்வாளர் ஆண்ட்ரூ டாலன் 2010இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கருவியை நிறுத்தி எடுத்திருந்த நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் பத்திரமாக இருந்தன. வளைவுகள் எங்கே எவ்வளவு சாய்ந்திருந்தன என்பதற்கான ஆதாரம் அது.

மறைந்திருக்கும் செலவு. அந்த "ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்கள்" என்பதைக் கவனியுங்கள். கருவியின் கண்ணுக்கு நேராக இருப்பது மட்டும்தான் பதிவாகும். ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் ஒரு நிழல் விழும். அதை நிரப்ப இன்னொரு இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு அத்தனை ஸ்கேன்களையும் ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். கருவியை நிறுத்திய ஓர் இடத்தில் மில்லிமீட்டர் பிழைதான் என்றாலும், நீளமான நடைகூடத்தில் பொருத்தப் பிழை சேர்ந்துகொண்டே போகும். கூரையின் மேற்பக்கம் தரையிலிருந்து தெரியவே தெரியாது. கண்ணாடியும் ஈரத் தரையும் பொய்ப் புள்ளிகளைத் தரும். உள்ளிருக்கும் கேமராவின் நிறம் ஓவியப் பதிவுக்குப் போதாது.

சொந்தமாக வாங்குவதைவிட, வருடத்துக்கு ஒருசில வேலைகள் மட்டும் செய்பவர் ஆளோடு சேர்த்து வாடகைக்கு எடுப்பதே மேல். கருவிக்கு அவ்வப்போது தொழிற்சாலைச் சரிபார்ப்பும் தேவை, அதுவும் செலவுதான்.

## வானிலிருந்து லைடார்

விமானத்திலோ ட்ரோனிலோ வைத்துப் பறக்கும் லேசர் இது. ஒரே ஒரு காரணத்துக்காகவே இதற்குத் தனி இடம் கொடுத்திருக்கிறேன்: மரங்கள். ஒரு லேசர் துடிப்பில் ஒரு பகுதி இலையில் பட்டுத் திரும்பும், மிச்சம் இடுக்கு வழியாக இறங்கித் தரையில் பட்டுத் திரும்பும். கடைசியாகத் திரும்பியவற்றை மட்டும் வடிகட்டினால் காட்டுக்கு அடியில் உள்ள நிலம் தெரியும். பெலீஸில் உள்ள கராகோல் என்ற மாயன் நகரில், கால் நூற்றாண்டாகத் தரையில் நடந்து வரைபடம் தயாரித்து வந்தார்கள் ஆய்வாளர்கள். 2009இல் நடந்த லைடார் பறப்பு, சில நாட்களில் சுமார் 200 சதுர கிலோமீட்டரைப் பதிவு செய்து கொடுத்தது. அந்தக் காட்டின் மேல் கேமராவைப் பறக்கவிட்டிருந்தால் கிடைத்திருப்பது மர உச்சிகளின் அழகான மாடல் மட்டும்தான்.

மின்கம்பி ஆய்வுக்கும் இதுவே. மெல்லிய கம்பியைப் படங்களில் பொருத்துவது மிகக் கடினம்.

மறைந்திருக்கும் செலவு. கருவி எந்த நொடியில் எங்கே, எந்தச் சாய்வில் இருந்தது என்று சொல்லும் உணரிகள்தான் இதன் உயிர். அவை மலிவாக இருந்தால் லேசர் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. தரைப்புள்ளி எது, புதர்ப்புள்ளி எது என்று பிரிக்கும் வேலையை மென்பொருள் முழுதாகச் செய்யாது, ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வெட்டவெளியில், மரமில்லாத குவாரியில் இதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீண்.

## கையடக்க ஸ்ட்ரக்சர்டு லைட் ஸ்கேனர்

ஒளிக் கோடுகளைப் பொருளின் மேல் வீசி, அவை எப்படி வளைகின்றன என்று பார்த்து வடிவத்தைக் கணக்கிடுகிறது. உள்ளங்கையில் அடங்குவது முதல் ஓர் ஆள் உயரம் வரையிலான பொருள்களுக்கு ஏற்றது. நல்ல கருவிகளில் 0.1 மி.மீ.க்கும் குறைந்த பிழை சாத்தியம். இயந்திர பாகத்தை மறுவடிவமைக்க, செயற்கைக் கால் பொருத்த, பல்லின் வடிவம் எடுக்க இதுதான் சரி. முடிவு உடனே திரையில் வந்துவிடும், விட்டுப்போன இடத்தை அங்கேயே நிரப்பலாம்.

மறைந்திருக்கும் செலவு. வெயிலில் ஒளிக்கோடு மங்கிப்போகும், அதனால் பெரும்பாலானவை அறைக்குள் மட்டுமே உதவும். வழவழப்பான ஒரே மாதிரிப் பரப்பில் தான் எங்கே இருக்கிறோம் என்பதைக் கருவி தவறவிடும், ஒட்டுக்குறிகள் ஒட்ட வேண்டும். அருங்காட்சியகப் பொருளில் எதையும் ஒட்ட விடமாட்டார்கள். பளபளப்புக்குத் தெளிப்பான் அடிப்பதும் அங்கே நடக்காது.

பல் மருத்துவத்தில் ஒரு நுட்பமான விஷயம் உண்டு. ஒன்றிரண்டு பற்களுக்கு வாய்க்குள் போகும் ஸ்கேனர் போதும். முழுத் தாடைக்கும் இம்பிளான்ட் வைக்கும்போது, சிறுசிறு துண்டுகளை ஒட்டிக்கொண்டே போவதால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் பிழை கூடிவிடும். அப்போது குறியிட்ட சிறு பாகங்களை இம்பிளான்ட்டுகளில் பொருத்தி, ஃபோட்டோகிராமெட்ரி கேமராவால் அவற்றின் இடத்தை மட்டும் அளந்துகொள்கிறார்கள். ஈறின் வடிவத்துக்கு மறுபடி ஸ்கேனர். ஒரே வாய்க்குள் இரண்டு முறைகளும் ஒன்றுக்கொன்று துணை நிற்கின்றன.

## போனில் உள்ள லைடார்

2020இல் ஐபேட் ப்ரோவிலும் ஐபோன் 12 ப்ரோவிலும் வந்தது. எட்டும் தூரம் சுமார் 5 மீட்டர். அறையின் அளவை அவசரத்துக்கு எடுக்க, தோண்டிய குழியை மூடுவதற்குள் பதிவு செய்ய அருமையானது. பிழை சென்டிமீட்டர் கணக்கில் இருக்கும், சிறு வேலைப்பாடுகள் உருகிய மெழுகு மாதிரி வரும். சிலை, சிற்பம் என்றால் அதே போனின் கேமராவால் படங்கள் எடுத்து ஃபோட்டோகிராமெட்ரி செய்யுங்கள், பல மடங்கு நன்றாக வரும்.

## ஒரே பார்வையில்

| | ஃபோட்டோகிராமெட்ரி | தரை லேசர் | வான் லைடார் | ஸ்ட்ரக்சர்டு லைட் | போன் லைடார் |
|---|---|---|---|---|---|
| பிழை | படமெடுக்கும் தூரத்தைப் பொறுத்தது | மில்லிமீட்டர் | சென்டிமீட்டர் | மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் கீழோ | சென்டிமீட்டர் |
| நிறம் | மிக நன்று | சுமார் | தனிக் கேமரா வேண்டும் | கருவியைப் பொறுத்தது | சுமார் |
| வெற்றுச் சுவர் | தோற்கும் | நன்று | பொருந்தாது | ஒட்டுக்குறி வேண்டும் | பரவாயில்லை |
| மரங்களுக்கு அடியில் | தோற்கும் | ஓரளவு | மிக நன்று | பொருந்தாது | பொருந்தாது |
| இருட்டு | விளக்கு வேண்டும் | நன்று | நன்று | நன்று | நன்று |
| அதிக நேரம் | மேசையில் | களத்தில் | இரண்டிலும் | களத்தில் | இரண்டிலும் குறைவு |
| அளவுகோல் | நீங்கள் தர வேண்டும் | உள்ளேயே உண்டு | உள்ளேயே உண்டு | உள்ளேயே உண்டு | உள்ளேயே உண்டு |

## துறைவாரியாக என் தேர்வு

பாரம்பரியக் கட்டடம்: எலும்புக்கூட்டுக்கு லேசர், தோலுக்குப் படம். இரண்டில் ஒன்றுக்குத்தான் வழி என்றால், வேலைப்பாடு நிறைந்த வெளிப்புறத்துக்கு ஃபோட்டோகிராமெட்ரி, வெறுமையான உட்புறத்துக்கு லேசர்.

அகழாய்வுக் குழி: தயங்காமல் ஃபோட்டோகிராமெட்ரி. ஒவ்வொரு மண்ணடுக்கும் தோண்டியதும் அழிந்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் படமெடுத்து மேலே போக இது ஒன்றுதான் விடுகிறது. முதல் அடுக்கு முதல் கடைசி அடுக்கு வரை அதே கட்டுப்பாட்டுப் புள்ளிகளை வைத்திருங்கள், இல்லையென்றால் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது.

சுரங்கம், குவாரி: திறந்தவெளிக் குவியல்களுக்கு ட்ரோன் ஃபோட்டோகிராமெட்ரி. சரியும் குவியலின் மேல் ஆள் ஏற வேண்டாம் என்பதே போதுமான காரணம். கன அளவில் பிழை பெரும்பாலும் மேற்பரப்பில் இல்லை, குவியலுக்கு அடியில் உள்ள தரையை எப்படி ஊகித்தீர்கள் என்பதில் இருக்கிறது. குவியல் இல்லாதபோதே அந்தத் தரையை ஒருமுறை பறந்து எடுத்து வையுங்கள்.

விபத்து ஆய்வு: பகலில் ட்ரோன் படங்கள். சாலையைச் சீக்கிரம் திறக்கலாம், அளவுகளைப் பிறகு எடுக்கலாம். இரவிலும் வாகனத்துக்கு உள்ளேயும் லேசர். நீதிமன்றத்துக்குப் போகும் வேலை என்றால் சோதனைப் புள்ளிகளின் பதிவு இல்லாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

விவசாயம்: வயலின் ஒட்டுமொத்தப் படத்துக்கும் பயிரின் நலத்தைக் காட்டும் வரைபடத்துக்கும் ட்ரோன் கேமரா போதும். காற்று அடிக்கும் நாளில் பறக்காதீர்கள், ஆடும் பயிரை மென்பொருளால் பொருத்த முடியாது.

சினிமா, வீடியோ கேம்: ஃபோட்டோகிராமெட்ரி. மேகமூட்டமான நாளில் எடுங்கள். வெயிலில் எடுத்தால் நிழலும் நிறத்தோடு சேர்ந்து பதிந்துவிடும், பிறகு எந்த வெளிச்சத்திலும் அந்த நிழல் போகாது. கோடிக்கணக்கான முக்கோணங்களோடு வரும் மாடலைச் சுருக்கி ஒழுங்குபடுத்தும் வேலைக்குத் தனியாக ஆள்நாள் ஒதுக்குங்கள், படமெடுப்பதைவிட அது அதிகம் பிடிக்கும். மனித முகத்துக்கு ஒரே நொடியில் சேர்ந்து கிளிக்காகும் பல கேமராக்கள் வேண்டும். ஒற்றைக் கேமராவோடு சுற்றிவந்தால் அதற்குள் முகம் அசைந்துவிடும்.

2023இல் வெளிவந்த காஸியன் ஸ்பிளாட்டிங் முறையைப் பற்றியும் இப்போது கேட்கிறார்கள். படங்களிலிருந்தே உருவாகிறது, கண்ணாடியும் இலையும்கூட அதில் உயிரோடு தெரியும். காட்டுவதற்கு அற்புதம். ஆனால் உள்ளே இருப்பது மங்கலான நிறத் திரள்கள், திடமான மேற்பரப்பு அல்ல. அளக்க வேண்டிய வேலைக்கு இதை நம்ப வேண்டாம். அதற்கென எடுத்த படங்களை வழக்கமான ஃபோட்டோகிராமெட்ரிக்கும் கொடுக்கலாம் என்பதால், இதை முயன்று பார்ப்பதில் இழப்பும் இல்லை.

## இன்னும் முடிவாகவில்லையா?

முழு வேலைக்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு மூலையை மட்டும் சோதித்துப் பாருங்கள். உங்கள் பொருளிலேயே மிகக் கடினமான மூலையாக அது இருக்கட்டும்: பளபளப்பான பகுதி, இருண்ட இடுக்கு, செடி மூடிய ஓரம். இருக்கும் கேமராவை வைத்து, அடுத்தடுத்த படங்கள் முக்கால் பங்காவது ஒன்றின்மேல் ஒன்று வரும்படி அந்த மூலையைச் சுற்றிப் படமெடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள். இலவச மென்பொருளில் ஓட்டுங்கள். பிறகு அந்த மூலையில் நான்கைந்து தூரங்களைக் கையால் டேப் வைத்து அளந்து மாடலோடு ஒப்பிடுங்கள்.

தொடக்கத்தில் எழுதி வைத்த அந்தப் பிழை எண்ணுக்குள் வந்துவிட்டால் லேசருக்குச் செலவழிக்கத் தேவையில்லை. வரவில்லை என்றால் ஓட்டை விழுந்த இடங்களைப் பாருங்கள். வெற்றுப் பரப்பில் ஓட்டை என்றால் லேசர், இலைக்குப் பின்னால் என்றால் லைடார், விரலளவு நுணுக்கத்தில் என்றால் ஸ்ட்ரக்சர்டு லைட். எல்லா இடத்திலும் ஓட்டை என்றால் முதலில் வெளிச்சத்தையும் ஃபோகஸையும் சரிசெய்து இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.